ஞானேந்திரனின் தொண்டையில் நின்ற பேனை

இனி வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. மடு மாதா மேல் சத்தியம். ஒரு காற்புள்ளிகூட நான் கூட்டவில்லை. நம்பாதவர்கள், பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர்நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் வட்டாரத்தில் பஸ்ஸை விட்டிறங்கி, யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பார்க்கலாம்.

2005 ஜனவரி. சனிக்கிழமை, பிற்பகல்.

யோசெப்பின் என்ற பெண் கொம்பியூட்டர் கடையொன்றின் கதவைத் தள்ளியபோது, கடை முதலாளி ஞானேந்திரன் தரையில் மல்லாந்து கிடந்தார். மண்டையின் இடப்பக்கம் நசுங்கி உள்ளே போயிருந்தது. பக்கத்தில் வாசற்படி ஐஸ் உடைக்கிற இரும்புக்கோல், நுனியில் கொஞ்சம் மயிரோடு. அது போதாதென்று தொண்டைக்குழியில் ஒரு கறுப்புப் பேனை முக்கால்வாசி இறங்கி, வால் மட்டும் வெளியே நின்றது. இரத்தம் பிரின்டர் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு வாசல் மிதியடி வரைக்கும் வந்து, வெளிக் குளிரைக் கண்டதும் அப்படியே உறைந்து நின்றுவிட்டது.

அன்றைய குளிர் அப்படிப்பட்டது. பொலிஸ் கார் முதலில் வந்தது. சைரன் சத்தம் வழியில் உறைந்துபோய்ச் சற்றுப் பிந்தித்தான் வந்து சேர்ந்தது.

பிணத்தின் பக்கத்தில் முழந்தாளில் இருந்தவர் வலன்ரைன். கடையின் திருத்த வேலைக்காரர், மன்னார்க்காரர். இரண்டு கையும் முழங்கை வரை சிவப்பு.

"அக்கா, நான் இல்லை. கீழ்த்தட்டில சாமான் அடுக்கிப்போட்டு ஏறி வாறன், ஆள் இப்பிடிக் கிடக்கிறார். பேனையை இழுத்துப் பாத்தன், வரேல்லை."

"கையை எடும், வலன்ரைன். ஒண்டையும் தொடாதையும்."

"அக்கா, திங்கட்கிழமை எனக்கு அகதி விசாரணை."

அது யோசெப்பினுக்குத் தெரியும். நாலு வருடம் காத்திருந்து கிடைத்த திகதி. திங்கட்கிழமை காலை வலன்ரைன் விசாரணை மேசைக்கு முன்னால் இல்லாமல் சிறைக் கம்பிக்குப் பின்னால் இருந்தால் வழக்கு முடிந்தது. மன்னாரில் இருக்கும் பெண்சாதி பிள்ளைகளை அவர் இங்கே கூப்பிட முடியாது. அவரை அங்கே அனுப்பிவிடுவார்கள்.

யோசெப்பின் தொழிலால் மொழிபெயர்ப்பாளர். பொலிஸிலும் நீதிமன்றத்திலும் தமிழைப் பிரெஞ்சுக்கும் பிரெஞ்சைத் தமிழுக்கும் மாற்றுபவர். ஆட்கள் பேசப் பேச அதிவேகமாகக் குறிப்பெடுக்க வேண்டும். கொப்பி கொப்பியாக எழுதி வீட்டில் கட்டில் வைக்க இடமில்லாமல் போனதால், திரையில் கையால் எழுதுகிற டாப்லெட் ஒன்று வாங்க நினைத்தார். மூன்று சனிக்கிழமையாக வந்து எழுதிப் பார்த்துவிட்டு, வாங்காமல் போயிருந்தார். ஞானேந்திரன் ஒவ்வொரு முறையும் பூசைப் பிரசங்கம் போல விளங்கப்படுத்தினார்.

"இஞ்ச பாருங்கோ அக்கா. இந்தச் சாம்பல் நிறத்தான் மலிவு. அமத்தினா எழுதும். பேனை வேண்டாம், நகம் காணும், ஈர்க்கும் போதும். ஆனா எழுதேக்க உங்கட உள்ளங்கை பட்டா அதுவும் கோடாய் விழும். குறிப்பு நாசம். இந்தக் கறுப்பன் வேற சாதி. தன்ர பேனையைத் தவிர ஒருத்தரையும் மதிக்காது. கையை வைச்சு அமத்தி எழுதுங்கோ, சும்மா கிடக்கும். பேனையின்ர வால்ப்பக்கத்தால தேய்ச்சா எழுதினது அழியும்."

"விலையில ஏதும் குறைப்பியளோ, தம்பி?"

"அந்தக் கதை வேண்டாம், அக்கா."

ஞானேந்திரன் யாருக்கும் விலை குறைத்ததாகச் சரித்திரம் இல்லை. ஆட்கள் பேனையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அதை ஒரு கயிற்றால் கறுப்பு டாப்லெட்டோடு கட்டியும் வைத்திருந்தார். கயிற்றின் நுனியில் சின்னக் கொளுக்கி. அதை வலன்ரைன்தான் பூட்டினார். விரலால் தட்டினால் கழலும்.

இப்போது கொளுக்கி பூட்டியபடி இருந்தது. கயிறு நடுவில் அறுந்து தொங்கியது. யோசெப்பின் அதைப் பார்த்தார்.

விசாரணைக்கு வந்தவர் சார்ஜன்ட் கத்தரின். ஆறடி உயரம், தமிழில் ஒரு சொல் தெரியாது. பனிப்புயல் வலுத்துவிட்டதால் பிணவண்டி மேம்பாலத்தில் புதைந்துவிட்டது. நகரத்தின் மற்றத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் லவால் பாலத்தில் பஸ்ஸுக்குள் சிக்கி, பசியில் கையுறையைத் தின்னத் தொடங்கியிருந்தார். எனவே விசாரணை கடைக்குள்ளேயே நடந்தது. பிணத்தை மூடத் துணியில்லை. ஞானேந்திரன் எந்தக் காலத்திலோ வாங்கி ஒருநாளும் கட்டாத பதாகை ஒன்று பின்னறையில் கிடந்தது. அதைப் போர்த்தார்கள். நெஞ்சுக்கு நேரே கொட்டை எழுத்தில் 'ஐம்பது வீத விலைக் கழிவு' என்று பிரெஞ்சில் இருந்தது.

கத்தரின் வலன்ரைனை ஹீட்டர் குழாயோடு விலங்கிட்டார்.

"காலையில் நீர் இவரோடு சண்டை பிடித்தீர்."

யோசெப்பின் தமிழில் சொன்னார்.

"ஓம். திங்கட்கிழமை லீவு கேட்டன். விசாரணை எண்டு சொல்லியும் தரேல்லை."

"என்ன சொல்லித் திட்டினீர்?"

வலன்ரைன் தலையைக் குனிந்தார். "அந்தப் பேனையாலயே உன்ர தொண்டையில குத்துவன் எண்டன்."

யோசெப்பினுக்கு அதைக் கொஞ்சம் மென்மையாக்கிச் சொல்ல ஆசை. ஆனால் சொன்னதைச் சொல்லவேண்டும், கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. பைபிளில் கை வைத்துச் செய்த சத்தியம். அப்படியே பிரெஞ்சில் சொன்னார். கத்தரின் எழுதிக்கொண்டார். அவர் முகத்தில் வழக்கு முடிந்த களை தெரிந்தது.

மாலை நாலு மணிக்கு அடுத்த சாட்சி. பெயர் றஜிந்தன். பக்கத்து டெப்பனர்காரர்; டெப்பனர் என்றால் இங்கே தெருமுனைச் சில்லறைக் கடை. பியர், பால், லொத்தர் விற்பவர். இரண்டு கடைக்கும் கீழ்த்தளமும் பின்கதவும் ஒன்று. புதுச் சட்டை போட்டுத் தலையை ஈரமாக வாரியிருந்தார்.

"நான் ரெண்டு மணி போல வந்தனான். ஞானேந்திரன் அண்ணை நல்லாத்தான் இருந்தவர். இவர், இந்த வலன்ரைன், அந்தப் பேனையைக் கையில வைச்சுக் கத்தி மாதிரிச் சுழட்டிக்கொண்டு நிண்டவர். அண்ணை பயந்துபோய்த்தான் இருந்தவர்."

"டேய் றஜி, நாக்கு அழுகும்!" குழாய் குலுங்க வலன்ரைன் எழும்பினார். "நீ வரேக்க நான் கீழ நிண்டனானடா!"

"பாத்தியளோ அக்கா, இதுதான் ஆள்."

யோசெப்பின் இரண்டையும் மொழிபெயர்த்தார், 'நாக்கு அழுகும்' உட்பட.

மேசையில் இளம் பொலிஸ்காரர் ஒருவர் கறுப்பு டாப்லெட்டின் திரையில் கைரேகைத் தூள் தூவிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் ஒரு முழு உள்ளங்கையும் அகன்ற பெருவிரலும் மெல்ல மேலெழுந்தன. றஜிந்தனின் கண் அங்கே போனது. யாரும் கேட்கவில்லை, அவரே தொடங்கினார்.

"அதில என்ர கையும் இருக்கும். மகள் ஜென்சி அடுத்த வருஷம் கொலிஜுக்குப் போறாள், குறிப்பெடுக்க ஒண்டு வாங்குவம் எண்டு பாத்தனான். பேனை இவர்ட கையில எல்லோ. அதால நகத்தால எழுதிப் பாத்தன். 'ஜென்சி' எண்டு. நீல மையில வலு வடிவாய் விழுந்துது."

யோசெப்பின் தன் குறிப்பில் 'நகத்தால்' என்ற சொல்லின் கீழே கோடு போட்டார்.

அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் மொழிபெயர்ப்பாளர் 'இந்த ஆள் பொய் சொல்கிறார்' என்று சொல்லமுடியாது. அது மொழிபெயர்ப்பு அல்ல. சொன்னால் வக்கீல் ஒருவர் விசாரணை முழுவதையும் குப்பையில் போட்டுவிடுவார். திரும்பி வலன்ரைனைப் பார்த்தார். அந்த மனிதர் குழாயில் நெற்றியை வைத்துச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். யோசெப்பின் றஜிந்தன் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் பிரெஞ்சில் சொன்னார், நீல மையையும் விடாமல். பிறகு, மொழிபெயர்ப்பாளருக்கு அனுமதிக்கப்பட்ட ஒரேயொரு காரியத்தைச் செய்தார். தெளிவு கேட்டார்.

"சார்ஜன்ட், மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சொல் தெளிவில்லை. நகத்தால் எழுதினாரா, கீறினாரா? செய்து காட்டினால் சரியான சொல்லைப் போடலாம்."

கத்தரின் தோளைக் குலுக்கினார். "காட்டட்டும்."

றஜிந்தன் சிரித்துக்கொண்டு வந்து, கறுப்புத் திரையின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தார்.

ஒன்றுமில்லை.

அழுத்தி இழுத்தார். ஒன்றுமில்லை. விரலை நக்கி இழுத்தார். திரை கல்லுப்போலக் கிடந்தது. அதில் போன சனிக்கிழமை யோசெப்பின் எழுதிப் பார்த்த 'அ, ஆ' மட்டும் நீலமாக இருந்தது.

"பழுதாப் போச்சுது. தூள் போட்டதால," என்றார் றஜிந்தன். காதோரம் வியர்வை.

"பழுதா என்று பார்க்கலாம்," என்றார் கத்தரின். "இதன் பேனை எங்கே?"

எல்லோரும் பதாகையைப் பார்த்தார்கள்.

"தொண்டையில் இருப்பதை நான் இழுக்க முடியாது. பிரேத வைத்தியர் என்னைக் கொன்றுவிடுவார்."

"இந்தக் கடையில் வாடிக்கையாளருக்குச் சொல்வது, பேனையின் வாலும் வேலை செய்யும் என்று," யோசெப்பின் மெதுவாகச் சொன்னார். "நான் வாடிக்கையாளர். அதைச் சொல்ல எனக்குத் தடையில்லை."

கத்தரின் கறுப்பு டாப்லெட்டைத் தூக்கினார். பதாகையை விலக்கிக் குனிந்து, ஞானேந்திரனின் தொண்டையில் நின்ற பேனையின் வாலில் திரையை மெல்லத் தொடவைத்து ஒரு இழுப்பு இழுத்தார்.

'அ' அழிந்தது.

இன்னொரு இழுப்பு. 'ஆ' அழிந்தது. செத்த மனிதனின் கழுத்துக்குள் இருந்துகொண்டும் தன் பேனையை அந்தப் பொருள் அடையாளம் கண்டது. உயிரோடிருந்தவனின் நகத்தை மட்டும் மதிக்கவில்லை.

"மிஸ்டர் றஜிந்தன், அப்படியானால் உங்கள் மகளின் பெயர்..."

யோசெப்பின் அதை மொழிபெயர்த்து முடிக்கவில்லை. றஜிந்தன் இரும்புக்கோலை எடுத்துவிட்டார்.

முதல் வீச்சில் மூன்று மொனிற்றர் வெடித்தன. இரண்டாவது வீச்சு கத்தரினின் தோளில் விழுந்தது; எலும்பு உடைந்த சத்தம் தெருவுக்குக் கேட்டது. கத்தரின் விழுந்தபடியே சுட்டார். குண்டு கூரைக் குழாயில் பட்டுச் சுடுதண்ணீர் மழையாகக் கொட்டியது. இளம் பொலிஸ்காரர் பிரின்டர் பெட்டிகளுக்கு அடியில் காணாமல் போனார். றஜிந்தன் கோலைத் தலைக்கு மேலே ஓங்கிக்கொண்டு யோசெப்பினிடம் வந்தார்.

"மூண்டு சனிக்கிழமை வந்தும் ஒண்டும் வாங்காதவளே, உனக்கேன்டி இந்தக் கதை!"

யோசெப்பின் கைக்கு அகப்பட்டதை எடுத்தார். சாம்பல் டாப்லெட். அதை இரண்டு கையாலும் பிடித்து றஜிந்தனின் முகத்தில் சாத்தினார். மூக்கு பக்கவாட்டில் திரும்பியது. இன்னொன்று சாத்தினார். முன்பல் இரண்டு பறந்துபோய்க் கண்ணாடி அலுமாரியில் நவீன மவுஸ்களுக்கு நடுவே உட்கார்ந்தன. பின்னுக்குத் தள்ளாடியவருக்கு வலன்ரைன், விலங்கோடு இருந்தபடியே, காலை நீட்டினார். றஜிந்தன் விழுந்த இடம் சூடான ஹீட்டரின் முனை. அதற்குப் பிறகு அவர் எழும்பவில்லை. ஆனால் சாகவும் இல்லை. சாம்பல் டாப்லெட்டின் திரையில் அவருடைய மூக்கு, வாய், கன்னம் எல்லாம் கோடுகோடாக விழுந்திருந்தன. அமத்தினால் எழுதும் என்று ஞானேந்திரன் சொன்னது பொய்யில்லை.

கத்தரின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, உடைந்த தோளைப் பிடித்துக்கொண்டு, "இப்போது மொழிபெயர்ப்பாளராக இல்லாமல் பேசுங்கள்," என்றார்.

யோசெப்பின் பேசினார்.

"டெப்பனருக்குத் தினமும் சாமான் வரும். கொண்டுவருபவன் ஒரு சின்னத் திரையை நீட்டுவான். இவர் நகத்தால் கையெழுத்து வைப்பார். அது சாம்பல் நிறத்தானின் இனம். அதனால் திரை எல்லாமே நகத்துக்கு எழுதும் என்று இவர் நினைத்தார். கறுப்பனை இவர் ஒருநாளும் எழுதிப் பார்த்ததில்லை. பிறகு எப்படி முழுக் கையும் கண்ணாடியில் பதிந்தது? கயிற்றைப் பாருங்கள். வலன்ரைன் எடுத்திருந்தால் கொளுக்கியைத் தட்டியிருப்பார். அதைப் பூட்டியவரே அவர்தான். தெரியாதவர்தான் ஒரு கையால் டாப்லெட்டை அமத்திப் பிடித்து, மறுகையால் பேனையை இழுத்துக் கயிற்றை அறுப்பார். காலையில் வலன்ரைன் கத்தியது பக்கத்துக் கடைக்கும் கேட்டிருக்கும். அதனால்தான் இரும்புக்கோலே போதுமாயிருந்தும், பேனையையும் இறக்கினார்."

"ஏன் கொன்றார்?"

"புதுச் சட்டையும் ஈரத் தலையுமாக வந்தார். கழற்றியதை எங்கோ ஒளித்திருக்க வேண்டும். இரண்டு கடைக்கும் பொதுவான கீழ்த்தளத்தில் தேடிப் பாருங்கள்."

இளம் பொலிஸ்காரர் பெட்டிகளுக்கு அடியிலிருந்து வெளியே வந்து கீழே இறங்கினார். டெப்பனரின் பியர்ப் பெட்டிகளுக்குப் பின்னால் ஞானேந்திரனின் கடை மடிக்கணினிகள் பதினொன்றும், இரத்தத்தில் தோய்ந்த ஏப்ரன் ஒன்றும் இருந்தன. பொதுவான பின்கதவால் களவு போனதை ஞானேந்திரன் அன்றுதான் கண்டுபிடித்திருக்கிறார்.

விலங்கின் திறப்பு கத்தரினின் உடைந்த தோள் பக்கத்துப் பையில் இருந்தது. யோசெப்பின்தான் எடுத்துத் திறந்துவிட்டார்.

"அக்கா, திங்கட்கிழமைக்கு மொழிபெயர்க்க நீங்கள் வருவியளோ?" என்றார் வலன்ரைன்.

"வாறன். ஆனா ஆரையும் குத்துவன் எண்டு அங்க சொல்லிப்போடாதையும். நான் அப்பிடியே சொல்லவேண்டி வரும்."

திங்கட்கிழமை விசாரணை நல்லபடி முடிந்தது. கோடையில் பெண்சாதியும் பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். யோசெப்பின் கறுப்பு டாப்லெட்டையே தெரிவு செய்தார். கை வைத்து எழுதலாம், கோடு விழாது.

போன சனிக்கிழமை நான் போனபோதும் ஞானேந்திரன் உயிரோடு கடையில்தான் நின்றார்; அதே கறுப்பு டாப்லெட்டை நான் கேட்டதற்கு, ஒரு சதம்கூடக் குறைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.