வலது கைத் தூள்

பால் அடிப்பிடித்த வாசனை வந்தது. அவள் சமையலறைக்குப் போய்ப் பார்த்தாள்; அடுப்பு அணைந்திருந்தது, பால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தது. மாலை மழை ஜன்னல் தகரத்தில் விடாமல் தட்டிக்கொண்டிருக்க, கூடத்தைக் கடந்து வந்து படுக்கையறை வாசலில் நின்று அக்காவின் மூச்சைக் கேட்டாள். சீராக வந்தது. வாரக்கணக்கில் கண்மூடாதவள் ஒருவழியாகத் தூங்குகிறாள்.

"எலிக்கெல்லாம் தூக்கம் குடுக்கறே, கூடப் பிறந்தவளுக்குக் குடுக்க மாட்டியாடி?" என்று அக்கா நேற்று கெஞ்சியிருந்தாள். அதனால்தான் ஆய்வுக்கூடத்திலிருந்து அந்த வெள்ளைத் தூள் வீட்டுக்கு வந்தது. அதன் மூலக்கூறு இரண்டு உருவில் இருக்கும், இடது கையும் வலது கையும்போல. அதே அணுக்கள், அதே எடை, அதே கசப்பு. இடது தூங்க வைக்கும். வலது ஆகாதென்று ஒதுக்கப்படும். கரைசல் ஒளியை எந்தப் பக்கம் திருப்புகிறது என்பதை வைத்துத்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும். சோதித்துவிட்டுத்தான் எடுத்துவந்தாள்.

மதியம் அதைக் குடித்து அக்கா கண்ணயர்ந்ததும், பழக்கதோஷத்தில், எலிக்குச் செய்வதுபோல் அவள் கால்விரலை இடுக்கியால் நெரித்துப் பார்த்தாள். அசைவே இல்லை. பாதம் சில்லிட்டிருந்ததால் ஹீட்டிங் பேடை வைத்து, நன்றாகப் போர்த்திவிட்டிருந்தாள்.

இப்போது குனிந்து நெற்றியைத் தொட்டாள். தலையணை இரு பக்கமும் கண்ணீரில் நனைந்திருந்தது.

ஆய்வுக்கூட மேலாளருக்குப் போன் போட்டு, தூள் கொடுத்த பிறகும் கண்ணில் நீர் வழிகிறது என்றாள்; யாருக்கு என்று சொல்லவில்லை.

"எதுல கரைச்சுப் பாத்தே?"

"ஸ்பிரிட்ல, சார்."

"நல்லா பாத்தே, போ! தண்ணியில பாக்கணும்மா. ஸ்பிரிட்ல திசை தலைகீழாக் காட்டும். நீ எடுத்தது வலது."

"வலது என்ன சார் பண்ணும்?"

"உடம்பை மட்டும் கட்டிப்போடும். மூளை முழிச்சுக்கிட்டே இருக்கும். வலி எல்லாம் தெரியும்."

"எப்ப சார் தெளியும்?"

"சீக்கிரம் தெளியாது. மூலக்கூறுக்கு வால் நீளம்ல, கொழுப்புல போய் ஒட்டிக்கிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் வெளிய வரும்."

"மாத்து மருந்து... சார், மாத்து மருந்து?"

"எலிக்கு எதுக்கும்மா மாத்து மருந்து? எந்தக் கூண்டு?"

போன் கையிலிருந்து நழுவியது.

"அக்கா."

மழை. மூச்சு. சீரான மூச்சு.

"அக்கா, நான் பேசறது கேக்குதா?"

விரலால் இமையைத் தூக்கினாள். கண் அவளையே பார்த்தது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது. கால்மாட்டுக்கு.

வாசனை அங்கிருந்துதான்.

மற்றொரு கையால் போர்வையை இழுத்தாள். பேடின் சிவப்பு விளக்கு. முழுச் சூட்டில். துணியோடு ஒட்டிப்போன பாதங்கள்.

விரல் இமையை விட்டு விலகியது. இமை தானாக மூடிக்கொண்டது. அக்காவின் முகம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.