கூண்டுக்குள் இருந்த அச்சு

செவ்வாய்க்கிழமை காலை மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. புக்கிட் பெருவாங்கில் இருந்த வழக்கறிஞர் அனுசியாவின் அலுவலகத்துக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தார் பாக்கியலட்சுமி. குடையை மடக்கக்கூட மறந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கைப்பேசியை மேசையில் வைத்து ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

எங்கோ தூரதேசத்தில், ஒரு கோதுமை வயலில் விழுந்து நொறுங்கிய போர் ட்ரோனின் படம் அது. பிளந்து கிடந்த இயந்திரத்துக்கு அடியில் கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்பு ரப்பர் துண்டு. அதில் மூன்று இலைகள் கொண்ட சின்ன முத்திரை.

"எங்க முத்திரை" என்றார் பாக்கியலட்சுமி.

ரெம்பியா தொழிற்பேட்டையில் அவருக்கு ஒரு ரப்பர் பாகத் தொழிற்சாலை இருந்தது. தண்ணீர்ப் பம்புகள் அதிராமல் இருக்க அடியில் வைக்கும் தாங்கிகளைச் செய்து விற்றார். அதே தாங்கியைக் கொஞ்சம் மாற்றினால் ட்ரோன் இயந்திரத்துக்கும் பொருந்தும். சென்ற ஆண்டின் கடைசியில் ஒரு வெளிநாட்டு வியாபாரி அப்படி ஒன்றைக் கேட்டார். அதற்காக ரப்பரை உள்ளே வைத்து அழுத்தி வார்க்கும் இரும்பு அச்சு ஒன்றைப் புதிதாக வெட்டி, நான்கைந்து மாதிரிகளும் கொடுத்தார்கள். பாகம் எதற்குப் பயன்படும் என்று எழுதித் தர அந்த வியாபாரி மறுத்துவிட்டார். அப்போது அனுசியாதான், விற்காதீர்கள், அச்சைப் பூட்டி வையுங்கள் என்று சொன்னார். தைப்பூசத்துக்கு முன்பே அச்சு பண்டகசாலையின் கம்பிவலைக் கூண்டுக்குள் போய்விட்டது.

இப்போது இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ஏற்றுமதியைக் கண்காணிக்கும் அமைச்சிலிருந்து அதிகாரிகள் நாளை காலை வருகிறார்கள். வங்கியும் கணக்கை நிறுத்தி வைத்துவிட்டது. போர்க்கருவிக்குப் பொருள் அனுப்பியதாக முடிவானால் உரிமம் போகும், இயக்குநர் என்ற முறையில் பாக்கியலட்சுமி சிறைக்கும் போகலாம்.

"என் தம்பி தங்கராஜு ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்திருக்கான். அச்சு கூண்டை விட்டு வெளிய வரவே இல்ல, அந்த மாதிரிகளைப் பாத்து எவனோ காப்பியடிச்சிருக்கான்னு. நான் கையெழுத்துப் போடலாமா?"

"அது உண்மையா?"

"உண்மையாத்தான் இருக்கணும்."

"இருக்கணும்கிறது வேற, இருக்குங்கிறது வேற" என்று அனுசியா எழுந்தார். "பொருள் தெரியாம போயிருந்தா அதுக்கு ஒரு வழி இருக்கு. நாமளே முன்னால போய்ச் சொன்னா சட்டம் கொஞ்சம் இரங்கும். அமைச்சுக்குப் பொய் எழுதிக் கொடுத்துட்டா அப்புறம் நான் வந்தாலும் பிரயோஜனமில்ல. கையெழுத்துப் போடாதீங்க. முதல்ல அச்சைப் பாக்கணும்."

காரை ஓட்டியது கவிநேசன். பதினைந்து வருடம் துறைமுகத்தில் ஏற்றுமதி முகவராக இருந்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் அனுசியாவிடம் உதவியாளராக வந்து சேர்ந்தவர். எந்த வழக்கையும் இடம் போய்ச் சேர்வதற்குள் முடித்துவிடும் ஆர்வம் அவருக்கு. வழிநெடுக ஊகம் சொல்லிக்கொண்டே வந்தார். அனுசியா சன்னல் கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னிருக்கையில் பாக்கியலட்சுமி கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

தொழிற்சாலையில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆனால் யாரும் யாரோடும் பேசவில்லை. அக்டோபரில் நடந்த ஆயுத பூஜையின் சந்தனமும் குங்குமமும் எல்லாவற்றின் மேலும் இன்னும் இருந்தன. அழுத்து இயந்திரங்கள், பாரம் தூக்கி வண்டி, நகல் இயந்திரம், காப்பி கலக்கும் இயந்திரம்கூடத் தப்பவில்லை.

"காப்பி மெஷினுக்குமா?" என்று கவிநேசன் சிரித்தார்.

"அது நின்னாத்தான் இங்க எல்லாரும் வேலைய நிறுத்துவாங்க" என்றார் பாக்கியலட்சுமி. அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். இந்த வருடம் எல்லாவற்றுக்கும் தானே பொட்டு வைத்ததாகவும் சொன்னார். வழக்கமாக வைப்பவர் அழுத்துப் பிரிவு மேற்பார்வையாளர் மணியம். பூஜைக்கு முந்தின வாரம் அவருடைய அப்பா இறந்துவிட்டதால் தீட்டு. பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை அவர் வேலைக்கு வரவில்லை.

"கூண்டுக்குள்ள இருக்கிறதுக்கும் வச்சீங்களா?" என்று அனுசியா சாதாரணமாகக் கேட்டார்.

"பூட்டிக் கிடக்கிறதை எதுக்குத் திறக்கணும்? வெளிய இருந்ததுக்கு மட்டும்தான்."

பண்டகசாலைப் பொறுப்பாளர் பாலகிருஷ்ணன் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். கூண்டுக்கு இரண்டு சாவிகள். ஒன்று அவரிடம், மற்றொன்று அலுவலகத்தில் பாக்கியலட்சுமியின் மேசை இழுப்பறையில். அந்த அலுவலக அறையில்தான் தங்கராஜுவும் உட்கார்ந்து விற்பனையைக் கவனித்தார்.

"பூட்டினதோட சரி மேடம். நான் திறக்கவே இல்ல" என்று பாலகிருஷ்ணன் கம்பிவலைக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

தடித்த அகராதி அளவில், மூடிய இரும்புப் பெட்டிபோல அச்சு இருந்தது. அனுசியா குனிந்து பார்த்தார். பக்கவாட்டில் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். சந்தனம் தீய்ந்த ரொட்டியின் நிறத்தில் இருந்தது. அவர் விரலால் இரும்பைத் தடவினார். விரல் நுனியில் செம்பழுப்புத் தூள் ஒட்டியது. கவிநேசனிடம் காகிதக் கைக்குட்டை வாங்கித் துடைத்துக்கொண்டார். பிறகு வெளியே வந்து, அடுக்கிலிருந்த வேறு அச்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். இந்த முறை விரலில் எண்ணெய் பளபளத்தது. அங்கேயும் பொட்டுகள் இருந்தன. சில மஞ்சளாக, சில பழுப்பாக.

ஏன் இரண்டு நிறம் என்று கேட்டார்.

"பூஜைக்கு அப்புறம் மெஷினுக்குப் போகாதது மஞ்சளா இருக்கும். போனது சூட்டுல கருகிடும்" என்றார் பாலகிருஷ்ணன். "திரும்பி வந்தா துடைச்சு எண்ணெய் போட்டுத்தான் வைப்பேன். நம்ம ஊரு மழைக்குச் சும்மா விட்டா துருப் புடிச்சிரும்லா. பொட்டை மட்டும் தொடமாட்டேன்."

அனுசியா தலையசைத்துவிட்டு மணியத்தைப் பார்க்கப் போனார். மணியம் சுருக்கமாகப் பேசினார். பூட்டிய நாளிலிருந்து அந்த அச்சைத் தான் கண்ணால் பார்க்கவில்லை. தான் இல்லாத நாட்களில் அழுத்துப் பிரிவைத் தங்கராஜு பார்த்துக்கொண்டார். ராத்திரி வேலைக்கு இருந்த இரண்டு வெளிநாட்டு ஊழியர்களும் ஒப்பந்தம் முடிந்து ஊர் போய்விட்டார்கள்.

தனியாகக் கிடைத்ததும் கவிநேசன் பொறுமையிழந்தார். "லாயர், சாவி யாருகிட்ட இருக்கு? பாலகிருஷ்ணன்கிட்ட. அவரைத் தாண்டி கூண்டு திறக்குமா? அவரைப் புடிச்சு உலுக்குனா போதும்."

"உலுக்கு. எண்ணெய்தான் கொட்டும்" என்றார் அனுசியா.

அலுவலக அறையில் எல்லோரையும் கூட்டினார். பாக்கியலட்சுமி, மணியம், பாலகிருஷ்ணன், தங்கராஜு. தங்கராஜு நாற்பது வயது தாண்டாதவர், தேய்த்த சட்டை. வாக்குமூலத்தையும் பேனாவையும் அக்காவின் முன் எடுத்து வைத்துக் காத்திருந்தார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்" என்று அனுசியா தொடங்கினார். "நான் கம்பெனிக்கு லாயர். உங்க யாருக்கும் தனியா லாயர் இல்ல. பேச விருப்பமில்லாதவங்க இப்பவே எழுந்து போகலாம்."

யாரும் எழவில்லை.

"இந்த அச்சு வெட்டப்பட்டது சென்ற வருட ஆயுத பூஜைக்குப் பிறகு. பூட்டப்பட்டது தைப்பூசத்துக்கு முன்னால். அதன் ஆயுளில் ஒரே ஒரு ஆயுத பூஜைதான் வந்தது, இந்த அக்டோபரில். அன்றைக்கு அது கூண்டுக்குள் இருந்திருந்தால் அதன்மேல் பொட்டு இருக்க முடியாது. ஆனால் இருக்கிறது." அவர் பாக்கியலட்சுமி பக்கம் திரும்பினார். "அன்னிக்கு அது மற்ற அச்சுகளோட வரிசையில நின்னுச்சு. எல்லாம் ஒரே மாதிரி இரும்புப் பெட்டி. நீங்களே உங்க கையால பொட்டு வச்சிருக்கீங்க."

பாக்கியலட்சுமியின் கை தன்னையறியாமல் வாக்குமூலத் தாளைத் தள்ளியது.

"பொட்டு கருகியிருக்கு. அப்படின்னா பூஜைக்குப் பிறகும் அது இயந்திரத்துல ஏறியிருக்கு. காப்பி அடிக்கப்பட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை. இங்கேதான் செய்யப்பட்டது."

கவிநேசன் பாலகிருஷ்ணனையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"யார் செய்தது? மணியம் இருந்திருந்தால் தன் இயந்திரத்தில் புது அச்சு ஏறியதைப் பார்த்த உடனே கேட்டிருப்பார். அவர் தீட்டில் வீட்டில் இருந்த நாட்களில்தான் வேலை நடந்திருக்கிறது. பாலகிருஷ்ணன் செய்திருந்தால் அச்சைத் திரும்ப வைக்கும்போது அவர் கை தானாக எண்ணெய்க்குப் போயிருக்கும். அடுக்கில் இருக்கும் ஒவ்வொரு அச்சிலும் எண்ணெய். இதில் மட்டும் துரு. இதை வைத்தவருக்கு இங்குள்ள பழக்கம் தெரியாது. பண்டகசாலையில் வேலை செய்யாத, ஆனால் இரண்டாவது சாவிக்குப் பக்கத்தில் உட்காருகிற ஒருவர்."

தங்கராஜு பேனாவை எடுத்து மூடினார். மறுப்பார் என்று கவிநேசன் எதிர்பார்த்தார். அவர் மறுக்கவில்லை.

"பொட்டையாவது துடைச்சிருக்கலாமே, தம்பி" என்று கவிநேசனே கேட்டுவிட்டார்.

"அக்கா வச்சது. பூஜைப் பொட்டை அழிக்க கை வரல."

மற்றதெல்லாம் தாழ்ந்த குரலில் வந்தது. ஜூலையிலிருந்து பம்பு ஆர்டர்கள் பாதியாகிவிட்டன. ஆட்களைக் குறைக்க வேண்டும் என்று அக்கா சொல்ல ஆரம்பித்திருந்தார். ஜொகூரில் ஒரு வியாபாரி, விவசாயப் பம்பு பாகம் என்று எழுதி அனுப்பிக்கொள்கிறேன், கேள்வி கேட்காதே என்றார். முதல் தடவை மணியம் நீண்ட விடுப்பில் போயிருந்த ஆகஸ்டில் செய்தார். அப்போது அனுப்பியதுதான் வயலில் கிடந்தது. இரண்டாவது தடவை அக்டோபரில்.

"ரெண்டாவது சரக்கு எங்க?" என்று அனுசியா உடனே கேட்டார்.

தங்கராஜு சுவரைப் பார்த்தார்.

"டேய்" என்றார் பாக்கியலட்சுமி.

"பாசிர் கூடாங் துறைமுகத்துல, ஏற்றுமதி முகவரோட கிடங்குல. இன்னிக்குக் கப்பல்."

கவிநேசன் துள்ளி எழுந்தார். இது அவருடைய களம். தங்கராஜுவின் கைப்பேசியை வாங்கி, கிடங்கின் எண்ணைக் கேட்டு, ஒலிபெருக்கியில் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுமுனையில் ஓர் ஆள் எடுத்து, மழையால் எல்லாம் தாமதம், என்ன வேண்டும் என்று சலித்துக்கொண்டான். சரக்கை ஏற்ற வேண்டாம் என்றதும், சரக்கைப் பதிவு செய்த வியாபாரி சொல்லாமல் நிறுத்த முடியாது என்றான்.

பாக்கியலட்சுமி கைப்பேசியை இழுத்துக்கொண்டார்.

"செஞ்சது என் கம்பெனி. நான் டைரக்டர் பாக்கியலட்சுமி பேசறேன். அதுல போர்ச் சாமான் இருக்கு. அமைச்சுக்கு நான் இப்பவே சொல்லப் போறேன். நீ ஏத்துனா உன் பேரையும் சேத்துத்தான் சொல்வேன்."

மறுமுனையில் மழைச் சத்தத்துக்கு நடுவே யாரையோ மலாயில் கூப்பிடும் குரல் கேட்டது. லாரி இன்னும் வாசலில்தான் நிற்கிறது, திருப்பி விடுகிறேன் மேடம் என்றான் அவன்.

பாக்கியலட்சுமி வாக்குமூலத் தாளை இரண்டாக மடித்து அனுசியாவிடம் கொடுத்தார்.

"நாளைக்கு அவங்க வரட்டும்னு உக்காந்திருக்க முடியாது. இப்பவே புத்ராஜெயாவுக்கு, அமைச்சுக்கே போலாம்."

அனுசியா ஒப்புக்கொண்டார். அதிகாரிகள் கதவைத் தட்டுவதற்குள் நாமே போய்ச் சொல்வதுதான் கம்பெனிக்கு மிச்சமிருக்கும் ஒரே காப்பு என்றார். அது போதுமா என்று கேட்டதற்கு, தெரியாது என்று நேராகவே சொன்னார்.

தங்கராஜு கார் சாவியை எடுத்தார். "நான் ஓட்டறேன்க்கா."

பாக்கியலட்சுமி வழக்கறிஞரைப் பார்த்தார். அனுசியா மெல்லத் தலையசைத்து மறுத்தார். "இனிமே நீங்க ரெண்டு பேரும் ஒரே பக்கம் இல்லம்மா. அவருக்கு வேற லாயர் வேணும். அதுவரைக்கும் இதைப் பத்தி நீங்க ரெண்டு பேரும் பேசிக்கக் கூடாது. அவர் கவிநேசனோட வரட்டும். நான் உங்களைக் கம்பெனி கார்ல கூட்டிட்டுப் போறேன்."

அக்காவும் தம்பியும் மழையில், இரண்டு கார்களுக்கு நடுவில் நின்றார்கள். பேசக் கூடாது என்று சொல்லியாகிவிட்டது. பாக்கியலட்சுமி தம்பியைத் தாண்டி, கவிநேசனிடம் போனார்.

"நீங்க முன்னால போங்க. மெதுவா. அவன் தலை என் கண்ணுக்குத் தெரியற மாதிரி ஓட்டுங்க."