பாதியில் ஒடிந்த பனி

பனிவாரும் எந்திரம் எறிந்த பனி காற்றில் பாதி வழியில் ஒடிந்து விழுந்தது.

எவெர்ட் கைப்பிடியை விட்டுவிட்டு நின்றார். திருகுத் தகடு ஒருமுறை முனகி ஓய்ந்தது. மாலைக் காப்பி வேளைகூட ஆகவில்லை, ஆனால் டிசம்பரின் வெளிச்சம் எப்போதோ காட்டுக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. நெற்றியில் கட்டிய விளக்கின் வட்டத்துக்குள் பனித்தூள் மிதந்து இறங்க, ஈரக் கையுறையின் கம்பளி நாற்றமும், சூடேறிய மோட்டாரின் லேசான கருகல் வாடையும், அவற்றுக்கு அடியில் எந்த வாசனையும் இல்லாத கடுங்குளிரும் மூக்கில் ஏறின. எறிகுழல் இடப்பக்கம்தான் பார்த்திருந்தது. பனி வளைந்து போய் வழியோரம் குவிய வேண்டும். குவிந்தும் இருந்தது, ஓரிடம் தவிர. தபால் பெட்டிக்குப் பக்கத்தில், ஓர் ஆள் அகலத்துக்குப் பனியே சேரவில்லை. குவியலின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஓர் இடைவெளி.

எந்திரத்தில் கோளாறு என்று முடிவு செய்தார்.

எவெர்டின் தல்லோசென் வீட்டுக்கான வழி சாலையிலிருந்து பிரிந்து, காட்டோரமாக வளைந்து, கிணற்றைத் தாண்டி வாசலுக்கு வரும். மற்ற வீட்டார் வாசலிலிருந்து பனி வார ஆரம்பிப்பார்கள். இந்தக் குடும்பத்தில் அந்தப் பழக்கம் இல்லை. ஊராட்சி வண்டி சாலையைச் சுத்தம் செய்துகொண்டு போகும்போது ஒதுக்கும் பனி வழியின் முகப்பில் சுவர்போல் உறைந்துவிடும். அதை முதலில் உடைத்துத் திறந்தால்தான் சாலையில் போகிறவர்கள் கண்ணுக்கு இது ஆள் வாழும் வீடாகத் தெரியும். அவருடைய தந்தை குதிரையைக் கட்டி அப்படித்தான் செய்தார். ஆகவே எவெர்ட் எந்திரத்தைச் சாலையோரம் இருந்த பழைய பால்கேன் மேடையின் கூரைக்கடியில் நிறுத்தியிருந்தார். பேட்டரியை மட்டும் கோட்டுக்குள் மார்போடு அணைத்து, பனிச்சறுக்குக் கட்டைகளில் வீட்டிலிருந்து வருவார். குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும். தோளும் அதற்கு மேல் தாங்காது. ஒரு நாளைக்கு வழியில் ஒரு துண்டு. சாலையிலிருந்து வீட்டை நோக்கி.

சாலையில் டிராக்டர் ஒன்று வந்து நின்றது. பக்கத்துப் பண்ணை ராக்னா கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"என்ன பெரியவரே, மிஷின் தும்முதா?"

"ஒண்ணுமில்ல. குழல்ல ஈரப் பனி அடைச்சிருக்கு."

"பொம்மைக் கடையில வாங்கினதா அது? தள்ளுங்க. ரெண்டு இழுப்புல வாசல்வரைக்கும் பனிய இழுத்து விட்டுட்டுப் போறேன்."

"எங்க வழிய நாங்களே போட்டுத்தான் பழக்கம், ராக்னா."

"தெரியுமே! உங்க அப்பாரும் எங்க அப்பாகிட்ட இதையேதான் சொல்வாராம். முதுகுத்தண்டுல கம்பி வெச்சுப் பொறந்த குடும்பம்." சிரித்துக்கொண்டே போனாள்.

அவர் பேட்டரியைக் கழற்றி, சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே குழலுக்குள் குச்சியை விட்டார். அடைப்பு எதுவும் இல்லை. மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை எடுத்துக் குழலின் உள்சுவர் முழுதும் தேய்த்தார். இனிப் பனி ஒட்டாது. கல் மாட்டினால் மோட்டாரைக் காப்பாற்ற முதலில் முறிந்து கொடுக்கும் சிறு ஆணி முறியாமல் இருந்தது. எல்லாம் சரியாகவே இருந்தது.

அடுத்த பனி விழுந்த நாளில் எந்திரம் புதிது போல ஓடியது. வலப்பக்கம் எறிந்தார், பனி அழகாக வளைந்து விழுந்தது. இடப்பக்கம் எறிந்தார், அதுவும். தபால் பெட்டியருகே இருந்த இடைவெளி மூடி, கரை வழவழவென்று கிடந்தது. முகப்பைத் தாண்டி உள்ளே வந்தார். முந்தைய முறை வாரி நிறுத்திய எல்லைக்கு வந்தபோது, காற்றில் போன பனி எதிலோ மோதியது போல நின்று, நேராகக் கீழே சரிந்தது. அதன் பின்னால் கரையில் அதே இடைவெளி. அதே அகலம். அதே உயரம்.

குழலைத் திருப்பிப் பார்த்தார். தாழ்த்திப் பார்த்தார். அந்த ஓர் இடத்தில் மட்டும் பனி ஒடிந்தது.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விரல் நுனியில் உணர்வு போவது போல, மனதின் ஓரத்தில் ஏதோ ஒன்று வெளுத்து, கெட்டியாகி, தனக்குச் சொந்தமில்லாததாகிவிட்டது. அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு அன்றைய துண்டை வாரி முடித்து வீடு திரும்பினார். அடுத்த சில நாட்களும் அப்படியே போயின.

படியில் பச்சை மணத்தோடு ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரக் கிளைகளைப் பரப்பியிருந்தார், வருகிறவர்கள் காலைத் துடைத்துக்கொள்ள. கதவுக்குப் பூட்டு உண்டு, போட்டதில்லை. இந்த வாசலில் வந்து நின்ற யாரையும் உள்ளே அழைத்துக் காப்பி தராமல் இந்தக் குடும்பம் அனுப்பியதில்லை. மகள் மாலினுக்குப் பேச்சு வந்ததும் முதலில் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

மாலின் ஊமெயோ நகரத்திலிருந்து இரவில் அழைப்பாள். விரல்கள் மரத்திருந்ததால் தொலைபேசியை மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டே அவர் பேசுவார்.

"பேட்டரிய எங்கப்பா வைக்கிற?"

"அடுப்புப் பக்கத்துலதான்."

"குழலுக்கு மெழுகு தேச்சியா? ஆணி பாத்தியா?"

"எல்லாம் பாத்தாச்சு."

"அப்புறம் என்னதான் கோளாறு?"

"பனி ஒரு இடத்துல விழ மாட்டேங்குது."

"எந்த இடத்துல?"

அவர் யோசித்தார். "ஒரே இடத்துல இல்ல. உள்ள உள்ள வருது."

"அப்பா, நான் ராக்னா அக்காகிட்டச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"கிறிஸ்துமஸுக்கு நான் வரும்போது கார் வாசல்வரைக்கும் வரணும். வரலேன்னா வீட்ட வித்துட்டு இங்க வந்துடறேன்னு நீதான் வாக்குக் கொடுத்த. நான் கேட்டு வாங்கல."

"கொடுத்தேன். வழி திறந்திருக்கும்."

மறுநாள் போனார். பனி விழுமுன்பே வானம் கனத்துத் தொங்கியது. மரங்கள் சத்தமில்லாமல் நின்றன. தூரத்தில் ஏரியின் பனிக்கட்டி இறுகும்போது எழும் அந்த நீண்ட, ஆழமான ஓசை மட்டும் ஒருமுறை காட்டைக் கடந்து போனது. முந்தைய நாள் எல்லை கிணற்றுக்கு அருகே இருந்தது. அதற்கும் வாசலுக்கும் நடுவில் ஒரே ஒரு துண்டு மீதி, இடுப்பளவு, யாரும் மிதிக்காத மென்பனி. அவருடைய சறுக்குக் கட்டைகளின் தடம்கூடக் காட்டுப் பக்கமாகவே சுற்றிப் போயிருந்தது.

எந்திரத்தை எல்லைக்குக் கொண்டுவந்தார். குழலை நேராக முன்னால் திருப்பினார். பனியை அந்த ஒடியும் இடத்தின்மீதே எறிந்தார்.

பனித்தூள் ஒட்டியது.

ஒரு நொடிதான். தோள்கள். குனிந்த தலை. மார்பருகே மடித்த கை, அதில் கழற்றிப் பிடித்த தொப்பி. அவரைப் பார்த்து நிற்கவில்லை. வீட்டைப் பார்த்து நின்றது. முகத்தை மறைக்கவில்லை, விலகவில்லை, ஏன் எறிகிறாய் என்று திரும்பவும் இல்லை. அழைப்பதற்காகக் காத்திருக்கும் ஒருவரின் மரியாதையான நிற்பு. தூள் சரிந்து விழுந்தது. பிறகு அங்கே ஒன்றுமில்லை.

அப்போதுதான் புரிந்தது. வாராத பனிக்குள் அது காலெடுத்து வைத்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் அவர் எங்கே நிறுத்தினாரோ அங்கேதான் நின்றது. அதற்கு வழி போட்டுக்கொண்டு வந்தது அவர்தான்.

சாவியை உருவினார். எந்திரத்தை நின்ற இடத்திலேயே விட்டார். காட்டுப் பக்கமாகச் சுற்றி, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து, கால்சட்டையில் பனி உருகி ஒழுகுவதும் தெரியாமல் வெகுநேரம் அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தார்.

இரவெல்லாம் பனி பெய்தது. காலையிலும் நிற்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். ஜன்னலில் இருந்து பார்த்தால் கிணற்றருகே பனி இறங்கும் திரையில் ஓர் ஆள் அளவு கிழிசல், அசையாமல். நாள் முழுக்க அங்கேயே. மீதித் துண்டு இன்னும் உயர்ந்திருந்தது. அது அப்படியே கிடக்கட்டும். ஊர் பார்க்கட்டும். தல்லோசென் வீட்டு வழி முதன்முறையாக மூடிக் கிடக்கிறது என்று சொல்லிக்கொள்ளட்டும்.

வழக்கம்போல மேசையில் காப்பிக் குடுவையும் கோப்பைகளும் எடுத்து வைத்தார். கைகள் தாமாகச் செய்தன. பிறகு மகளை அழைத்தார்.

"மாலின். நாளைக்கு நீ வராத."

"என்னப்பா ஆச்சு?"

"வழி போடல. போட முடியல. காட்டுப் பக்கமா ராக்னா வீட்டுக்குப் போய், அங்கேருந்து பஸ் பிடிச்சு நானே வந்துடறேன். வீட்ட வித்துடு."

இந்த வார்த்தைகள் எந்த வலியும் இல்லாமல் வந்தன. மறுமுனையில் மாலின் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்பா, நீ இப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல. கவலைப்படாத. வீட்ட யாரும் விக்கப் போறதில்ல. ராக்னா அக்காகிட்ட நேத்தே சொல்லிட்டேன். திட்டணும்னா என்னைத் திட்டு."

"என்ன சொன்ன?"

அவள் பதில் சொல்வதற்குள் ஜன்னல் கண்ணாடி அதிர ஆரம்பித்தது. டிராக்டரின் மஞ்சள் விளக்கு சுவரில் சுழன்றது. வழியில் நின்ற எந்திரத்தைச் சுற்றிக்கொண்டு, டிராக்டரின் முன்னால் பொருத்திய பெரிய இரும்பு வாளி தரையை உரசியபடி கிணற்றைத் தாண்டி வந்தது. ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. படியின் அடிக்கல்வரை.

எவெர்ட் எழுந்தார். கையை ஆட்டினார். கத்தினார் என்றே நினைத்தார். உதடுகள் அசைந்ததா என்று தெரியவில்லை. ராக்னா குதூகலமாக ஹாரனை இரண்டு முறை அடித்துவிட்டு வண்டியைத் திருப்பினாள். விளக்கு வழியில் சுருங்கியது. சாலைக்குப் போனது. மறைந்தது.

கிணற்றருகே பனி ஒழுங்காகப் பெய்துகொண்டிருந்தது. கிழிசல் இல்லை.

வெளியே படியில் சத்தம்.

கிளைகள் நசுங்கும் சத்தம். மெல்ல. இடது கால். பிறகு வலது கால். நன்றாக வளர்க்கப்பட்டவர்கள் செய்வதுபோல, அவசரமில்லாமல், சுத்தமாக. கதவிடுக்கு வழியே ஸ்ப்ரூஸின் பச்சை மணம் உள்ளே வந்தது.

"கால் துடைக்கற சத்தம் கேக்குதே" என்றாள் மாலின், மேசைமேல் இருந்த தொலைபேசியிலிருந்து. "அக்கா வந்துட்டாங்களா? கூப்பிடுப்பா."

அவர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா? பாவம், வேலை செஞ்சுட்டு வந்து குளிர்ல நிக்கறாங்க. நீயா வாசல்ல நிக்க வைக்கிற?"

வேண்டாம். சொல்லாதே. நாக்கு கல்லாகக் கிடந்தது.

மாலின் சிரித்தாள். பிறகு அவர் கற்றுக்கொடுத்த அதே குரலில், வீடு முழுக்கக் கேட்கும்படி, உரக்க:

"கதவு தொறந்துதான் இருக்கு! உள்ள வாங்க!"

கைப்பிடி தாழ்ந்தது.

கதவு திறந்தது. காற்றோடு பனி உள்ளே புகுந்தது. வாசல் நடுவில் மோதியது. இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் விழுந்தது. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

மேசைக்கு எதிர்ப்பக்க நாற்காலி நகர்ந்தது. தரையில் கீறல் விழாமல், தூக்கி நகர்த்தியது போல.

"யாருப்பா? அக்காதானே?"

எவெர்ட் உட்கார்ந்தார். அவருடைய கை குடுவையை எடுத்தது. எதிரே இருந்த கோப்பையில் ஊற்றியது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

கோப்பையிலிருந்து ஆவி நேராக எழுந்தது. பாதியில் ஒடிந்தது.