பதினொன்றில் மூன்று

பதக்கத்தைக் காணோம்!

1934. பினாங்குத் தீவு, ஜார்ஜ் டவுனில் ஒரு போலீஸ் ஸ்டேஷன். காலை எட்டு மணி.

சப்-இன்ஸ்பெக்டர் திருநாவுக்கரசு மேஜையைக் கவிழ்க்காத குறை. வீட்டைவிட்டு ஓடிய குழந்தைகளைப் பத்திரமாக வீடு சேர்த்ததற்காக நேற்றுதான் அரசாங்கம் தந்த வெள்ளிப் பதக்கம். ஒரே வருஷத்தில் பதினொரு தடவை சேர்த்திருக்கிறார்! பத்து மணிக்கு அதை மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்க வேண்டும். மீசைக்கு மெழுகுகூடப் போட்டாயிற்று.

ஸ்டேஷனுக்குள்ளேயே திருட்டு...

கான்ஸ்டபிள் காஜா மொய்தீன் தொண்டையைச் செருமினார். மேலதிகாரி தமிழரானாலும் அவருக்கு மலாய் பாணியில் 'துவான்'தான்.

"ஆள் கெடச்சாச்சு துவான். நாம புடிக்கல. அதுவா வந்து பெஞ்சுல உக்காந்திருக்கு."

வாசல் பெஞ்சில் பத்து வயதுப் பெண். கையில் பதக்கம்.

குணவதி!

ஆயர் ஈத்தாம் பகுதி அரிசி வியாபாரி பிச்சைமுத்துவின் வீட்டில் வேலை செய்பவள். மூன்று முறை ஓடிவந்தாள். மூன்று முறையும் கொண்டுபோய் விட்டவர் திருநாவுக்கரசுதான். பதினொன்றில் மூன்று இவள்!

"எதுக்கு எடுத்த?"

"ஓடியாந்தா வீட்டுக்கு அனுப்பிடுறீங்க." குனிந்தபடியே சொன்னாள். "போன தடவ கோழி திருடுன ஆள உள்ள வெச்சுப் பூட்டுனீங்க. சோறும் போட்டீங்க. அதான்..."

சட்டைக் கை விலகியது. முழங்கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்திருந்தது.

பழைய தழும்பு. போன தடவையே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு 'லேசான சிராய்ப்பு' என்று எழுதியவர் யார்?

திருநாவுக்கரசுக்கு முத்து முத்தான கையெழுத்து.

ரிக்‌ஷா வந்து நின்றது. குடையும் புன்னகையுமாகப் பிச்சைமுத்து. விஷயம் கேட்டதும், வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கண்டித்துக்கொள்கிறேன் என்றார்.

குணவதி பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கேஸெல்லாம் வேணாம்லா ஐயா," என்றார் பிச்சைமுத்து. "உங்க மேஜையில ஒரு பொடிசு கை வெச்சுச்சுன்னா பினாங்கே சிரிக்கும்."

சிரிக்கும்தான். கோர்ட்டில் மாஜிஸ்ட்ரேட் அந்தக் கையைப் பார்ப்பார். மூன்று முறையும் திருப்பி அனுப்பியது யார் என்று கேட்பார். எல்லார் முன்னாலும் 'நான்தான்' என்று சொல்ல வேண்டும்...

"காஜா." ரிஜிஸ்டரை அவர் பக்கம் தள்ளினார். "திருட்டுக் கேஸ் எழுது. கோர்ட்டுக்குப் போற வரைக்கும் இவ இங்கதான். முதல்ல சோறு வாங்கியா."

பிச்சைமுத்து மெல்லக் குடையை எடுத்தார்.

"நீங்க உக்காருங்க. இஸ்திரிப் பெட்டிக் கேஸ் அடுத்த பக்கத்துல வருது."

காஜா மொய்தீன் பேனாவை மையில் தொட்டு எழுதினார். பாதியில் நிமிர்ந்தார்.

"திருட்டுப்போன பொருளோட மதிப்பு என்ன துவான்?"

திருநாவுக்கரசு பதக்கத்தைப் பார்த்தார். அந்தக் கையைப் பார்த்தார்.

"சல்லி பெறாது. அப்படியே எழுது."