'ன்'னில் முடியாத பெயர்

கரோக்கே அறையின் கதவைத் திறந்ததுமே திரும்பி ஓடிவிடலாமா என்றுதான் சிகுசாவுக்குத் தோன்றியது.

உள்ளே ஒருவன் கண்களை இறுக மூடிக்கொண்டு, மைக்கை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, தன்னந்தனியாக உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தான். சுருதி...? அது பாவம், எங்கேயோ வெளியே மழையில் நனைந்துகொண்டிருந்தது.

அவள் கையில் இரண்டு டம்ளர் மெலன் சோடா. வெறுங்கையோடு போகாதே என்று அக்கா சொல்லியிருந்ததால் வரும் வழியில் மிஷினில் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். பாட்டு நின்றது. அவன் கண்களைத் திறந்தான். அப்பப்பா... என்ன கண்கள்! தூக்கத்தில் எழுப்பிவிட்ட குழந்தையின் கண்களைப் போல, பாதி பயமும் பாதி சிரிப்புமாக...

சிகுசா பதறிப்போய் இடுப்பை வளைத்துக் குனிந்து வணங்கினாள். கையில் டம்ளர் இருப்பது குனிந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. பச்சை சோடா மொத்தமும் அவன் முழங்காலில்!

"ஐயோ, மன்னிச்சிடுங்க! நான் ஒகினோ... மழை... பஸ்ஸு... லேட்டாயிடுச்சு... நீங்க இவாகுரா-சான்தானே?"

அவன் வாயைத் திறந்தான். மூடினான். காலி டம்ளர்களோடு நின்றவளைப் பார்த்தான்.

"...உட்காருங்க, ஒகினோ-சான். நனைஞ்சது பேன்ட்தானே... காஞ்சிடும்."

உட்கார்ந்தாள். ஒகினோ அவள் குடும்பப் பெயர்; 'சான்' நம் 'அவர்கள்' மாதிரி ஒரு மரியாதை. மாப்பிள்ளை பார்க்கும் படலத்தில் இது எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதைக்கூட அவள் விட்டுவிட்டாள். காபிக் கடையில் எதிரே ஆள் உட்கார்ந்தால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அங்கேயும் போன் மணி அடித்தால் கண்ணாடி துடைப்பதுபோல் பாவனை செய்துகொண்டு வேறு யாராவது எடுக்கட்டும் என்று நிற்பவள். "பேச வரலைன்னா பாடித் தொலையேன்டி!" என்று யுகாரி அக்காதான் இந்த முறை கரோக்கே அறையில் ஏற்பாடு செய்தாள். "இன்னைக்கும் வாயைத் திறக்காம வந்தேன்னு வையி, இனிமே உனக்காக நான் யார்கிட்டயும் போய் நிக்க மாட்டேன். ஆமா!"

இதோ... வாய் திறக்கவில்லை. மழைதான் பேசிக்கொண்டிருந்தது.

"பேச வேண்டாம்," என்றான் அவன், அவள் மனத்தைப் படித்தவன்போல. "பாட்டுச் சங்கிலி விளையாடலாமா?"

நம் பாட்டுக்குப் பாட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு பாட்டின் தலைப்பு எந்த எழுத்தில் முடிகிறதோ, அந்த எழுத்தில் தொடங்கும் தலைப்பை அடுத்தவர் தேடிப் பாட வேண்டும். ஒரே ஒரு தொல்லைதான். 'ன்' என்று முடியும் தலைப்பை எடுத்தீர்களோ, தொலைந்தீர்கள்! 'ன்'னில் தொடங்கும் சொல்லே ஜப்பானிய மொழியில் கிடையாது. சங்கிலி அங்கேயே அறுந்தது, நீங்கள் அவுட்.

"நான் பாடிட்டிருந்தது 'அமெ நோ ஷிதாகு'. மழைக்கு ஆயத்தம். உங்களுக்கு 'கு'."

'கு'... 'கு'... சிகுசா தலைப்புகள் ஓடும் தொடுதிரையான பாட்டுப் பலகையில் விரல் ஓட்டினாள். 'குத்சு தோ மிகாசுகி' கிடைத்தது. காலணியும் பிறைநிலாவும். கண்ணை மூடிக்கொண்டு பாடிவிட்டாள். திறந்து பார்த்தால், அவன் ஆடாமல் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான். முழங்காலில் பச்சைக் கறை.

"பிரமாதம், ஒகினோ-சான்!"

"அவுட்!" என்று கத்தினாள். கத்தியது தானா என்று அவளுக்கே சந்தேகம். "இல்ல... நீங்க 'சான்'னு சொன்னீங்களே. 'ன்'ல முடிஞ்சிருச்சு..."

"அடக் கடவுளே! அப்படிப் பார்த்தா இந்தக் கனசவா ஊர்ல ஒருத்தரையும் கூப்பிட முடியாதே. எல்லார் பேருக்கும் வால்ல ஒரு 'சான்' தொங்குது." அவன் குரல் தணிந்தது. "அப்போ... சான் இல்லாம வெறும் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டுமா?"

சிகுசாவின் காதுமடல் சிவந்தது. வெறும் பெயரைச் சொல்லி அழைப்பதென்றால் சும்மாவா? அதற்கு உரிமை வேண்டாமா...?

"தோத்ததும் இல்லாம பேச்சைப் பாரு, இவாகுரா-சான்!"

அந்தப் பெயரைக் கேட்டதும் அவன் முகத்தில் என்னவோ சுருங்கியது. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. அவன் அவசரமாக மைக்கை எடுத்து 'கிப்பு ஒ நகுஷிதா' பாடினான். டிக்கெட்டைத் தொலைத்துவிட்டு ரயிலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருவனின் பாட்டு. இப்போது அவளுக்கு 'தா'. பயம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கடவுளே, இவரே இருக்கட்டும்... இவரே போதும்...

கைப்பையில் போன் அதிர்ந்தது. அக்கா. மாப்பிள்ளை எதிரே இருக்கும்போது எடுக்காமல் இருக்கவும் முடியாதே.

"எங்கடி தொலைஞ்சே? இவாகுரா-சான் வந்து எவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்கார்!"

சிகுசா எதிரே இருந்தவனைப் பார்த்தாள். "இங்கதானே இருக்கார்..."

"எங்க?"

"ஜூ-இச்சி. பதினொண்ணு."

"ஜூ-ஷிச்சிடி! பதினேழு! உன் காதுல இச்சின்னு விழுந்துச்சா? எதிர் வரிசை, சனியனே, ஓடி வா!"

போன் தானாகக் கீழே இறங்கியது.

"நீங்க... இவாகுரா-சான் இல்லையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இல்லை."

"முதல்லயே தெரியுமா?"

"தெரியும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னா நீங்க எழுந்து போயிடுவீங்களேன்னு..."

"அதனால? இன்னொருத்தர் பேருக்கு ஜம்முனு பதில் சொல்லிட்டு இருந்தீங்க. நான் பைத்தியக்காரி மாதிரி கண்ணை மூடிப் பாடினேன்... நல்லா சிரிச்சிருப்பீங்க, இல்ல?"

"ஐயோ, சிரிக்கலைங்க! சத்தியமா..."

அவள் நிற்கவில்லை. கண்ணீர் விழுவதற்குள் கதவு சாத்தியாக வேண்டுமே!

பதினேழாம் அறையில் நிஜ இவாகுரா எழுந்து நின்று வரவேற்றார். குறை சொல்ல ஒன்றுமில்லாத மனிதர். ரயில்வே உத்தியோகம், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. அவளுக்கு மறுபடியும் நாக்கு ஒட்டிக்கொண்டது. தங்கையைக் காணோம் என்று அங்கே வந்து சேர்ந்திருந்த அக்கா காலை மிதித்தாள். "ஏதாவது பாடுடி!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பாட்டுப் பலகையை மடியில் திணித்தாள்.

எதிர் அறையிலிருந்து சத்தமே இல்லை. போய்விட்டானா...? பேர்கூடத் தெரியாதே! இந்த ஊரில் இத்தனை குடைகளுக்குள் யாரென்று தேடுவது? போகட்டுமே, பொய்க்காரன், எனக்கென்ன... என்று முறைத்துக்கொண்டது மனம். ஆனால் விரல் 'தா' வரிசையில் போய் நின்றது. 'தாசொகாரே நோ இனு'. அந்திநேரத்து நாய். 'னு'வில் முடியும் தலைப்பு; ஜப்பானியத்தில் 'னு'வும் 'நு'வும் ஒன்றுதான். 'நு'வில் தொடங்கும் பாட்டு அகப்படுவது குதிரைக்கொம்பு. தேடட்டும். வேண்டுமானால் தேடட்டும்!

காற்று வேண்டும் என்று சொல்லிக் கதவைச் சற்றே திறந்துவைத்தாள். பிறகு பாடினாள், எதிர் அறைக்குக் கேட்கும்படி, வாழ்நாளில் பாடாத சத்தத்தில். அக்கா வாய் பிளந்தாள். இவாகுரா மரியாதையாகக் கைதட்டினார்.

எதிரே மௌனம். மழை... மழை மட்டும். சிகுசா முன்னால் இருந்த டம்ளரை எடுத்து இறுகப் பிடித்துக்கொண்டாள். கிடைக்கவில்லையா? இல்லை, கேட்கவே ஆளில்லையா? போயேவிட்டானா?

அப்போது கேட்டது அந்தச் சுருதி சேராத குரல்!

'நுரேதே மாத்சு மாச்சி...' நனைந்தபடி காத்திருக்கும் ஊர்.

"யாருடி அது, இப்படிக் கர்ண கொடூரமா?" என்றாள் அக்கா.

சிகுசாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எழுந்தாள். டம்ளரை முதலில் மேஜைமேல் வைத்தாள். அப்புறம்தான் இவாகுராவைக் குனிந்து வணங்கினாள்.

"மன்னிச்சிடுங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. ஆனா எனக்கு... என் முறை வந்திடுச்சு. நான் போகணும்."

"என்னடி உளர்றே?" அக்கா கையைப் பிடித்தாள்.

"வாயைத் திறக்கச் சொன்னியேக்கா. திறந்துட்டேன்."

இவாகுரா மெல்லச் சிரித்தார். "விடுங்க, யுகாரி-சான். அந்தப் பாட்டை இவ்வளவு மோசமா ஒருத்தர் பாடியும் உங்க தங்கச்சி முகம் இப்படி மலருதுன்னா... எனக்கு இங்க என்ன வேலை?"

அக்காவின் பிடி தளர்ந்தது.

பதினோராம் அறையில் அவன் ஒரு கையைக் கோட்டுக்குள் நுழைத்தபடி நின்றான். சுவரில் போன் மணி அடித்துக்கொண்டிருந்தது. நேரம் முடியப்போகிறது என்று கீழே கவுண்டரிலிருந்து எச்சரிக்கிற மணி. அவளைக் கண்டதும் கோட்டை அப்படியே விட்டுவிட்டான்.

"ஒகினோ-சான்... நான் செஞ்சது தப்புதான், நான்..."

"இருங்க. 'சி' எனக்கு." மூச்சு வாங்கியது. "...சிகுசா."

"அப்படி ஒரு பாட்டா? கேள்விப்பட்டதே..."

"பாட்டு இல்ல. என் பேரு."

அவன் அசையாமல் நின்றான். உதடுகள் அந்தப் பெயரைச் சத்தமில்லாமல் ஒருமுறை சொல்லிப் பார்த்தன. பிறகு அந்தக் கண்கள் மெல்ல அகலமாயின.

"'சா'... எனக்கு 'சா' வருது..." என்றான் அவன். "சாயிச்சி."

"அது?"

"என் பேரு. பழைய காலத்துப் பேரு, சிரிக்காதீங்க."

அவள் சிரிக்கவில்லை. சாயிச்சி... 'சி'யில் முடிகிறது. 'சி'யில் தொடங்குவது சிகுசா. சிகுசா முடிவது 'சா'வில். அங்கே மறுபடியும் சாயிச்சி... வாலில் எந்தச் 'சானும்' ஒட்டாதவரை...

"சிகுசா," என்றான் அவன், வெறும் பெயராக. அம்மாவும் அக்காவும் சொல்லும் அதே பெயர்தான்; இவன் வாயில் புதிதாக இருந்தது. "உங்களைப் பார்த்துச் சிரிக்க நெனச்சு நான் உட்காரல. நீங்க கதவைத் திறந்தப்பவே... இன்னும் கொஞ்ச நேரம் இருக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

"எனக்கும்தான்... உங்களைப் பிடிச்சிருக்கு, சாயிச்சி."

சொல்லிவிட்டாள்! சொல்லியேவிட்டாள்...

மணி நிற்கவில்லை. அவன் கை நீட்டினான். அதற்குள் அவளே போனை எடுத்துக் காதில் வைத்தாள். வேறு யாராவது எடுக்கட்டும் என்று நிற்கவில்லை.

"பதினொண்ணாம் நம்பர்... இல்லைங்க, கிளம்பல. நீட்டிக்கிறோம்."

எவ்வளவு நேரம் என்று கேட்டது குரல். சிகுசா அவனைப் பார்த்தாள். முழங்காலில் அந்தப் பச்சைக் கறை இன்னும் காயவில்லை.

"தெரியலைங்க," என்றாள். "எங்களுக்கு இனிமே 'ன்' வராது."