கையில் ஸ்டாம்ப் இல்லாதவள்

ஜோவிதா பெட்ஷீட் குகையை விட்டு வெளியே வந்து, அடுப்படி வாசலில் நின்று எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள். அப்புறமும் குகைக்குள் பாயில் முழங்கால் உரசும் சத்தம் நிற்கவில்லை. சர்... சர்... என்று மெதுவாக, வழி தெரியாத பிள்ளை தவழ்வது மாதிரி. அம்மா எப்சி காதைத் தீட்டிக்கொண்டதும் சத்தம் நின்றுவிட்டது. எலிதான், வேறென்ன? இந்த மழைக்கு ராஜகீழ்ப்பாக்கத்து எலியெல்லாம் வீட்டுக்குள் வராமல் எங்கே போகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

இன்றைக்கு ஜோவிதாவுக்கு ஏழு வயது. தீம் பார்க்குக்குப் போவதாக மூன்று மாதமாகப் பேச்சு. நாசமாய்ப் போன மழை நேற்றுப் பிடித்தது, விடவேயில்லை. பார்க்கை மூடிவிட்டார்கள். ஜங்ஷனில் முழங்கால் அளவு தண்ணீர். கேக் வெட்டக் கூப்பிட்டிருந்த பிள்ளைகளில் ஒன்றுகூட வரவில்லை. ஒரகடத்தில் ஷிப்ட் முடித்துக் கிளம்பிய அப்பா தனசிங்கும் வழியில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தான். காலையில் பிள்ளை அழுத அழுகையை எப்சியால் பார்க்க முடியவில்லை. "அழாதடி, பார்க் நம்ம வீட்டுக்கே வருது பாரு" என்று துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு இறங்கினாள்.

சோபா ரோலர் கோஸ்டர் ஆனது. துணி ஊறவைக்கும் டப், படகு ஆனது. பீரோவில் இருந்த ஏழு பெட்ஷீட்டையும் எடுத்துப் பேய்க்குகை கட்டினாள். அது சாப்பாட்டு மேஜைக்கு அடியில் தொடங்கி, நாற்காலி வரிசை வழியாகப் படுக்கையறைக் கட்டிலுக்குக் கீழே புகுந்து, மறுபடி திரும்பி அடுப்படி வாசலில் முடிந்தது. உள்ளே அந்துருண்டை வாடையும், நனைந்த சுவரின் வாடையும், அதற்கும் அடியில் வாய் கொப்பளிக்காத குழந்தையின் மூச்சு மாதிரி ஒரு புளித்த வாடையும் அடித்தது. பெட்ஷீட்டை வெயில் காட்டிப் பல நாள் ஆகிறது என்று நினைத்தாள்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் அல்லவா, ஹோம்வொர்க் நோட்டில் குத்துகிற நட்சத்திர ஸ்டாம்பும் ஊதா மைப்பெட்டியும் கைப்பையிலேயே இருந்தன. பார்க்கில் குத்துவது போலவே ஜோவிதாவின் புறங்கையில் ஒன்று குத்தினாள். "இது இருந்தாத்தான் உள்ள விடுவேன், இது இருந்தாத்தான் வெளியவும் விடுவேன். ரூல்னா ரூல்!" டீச்சர் புத்தி பிறந்தநாளுக்காவது லீவு போடுமா?

ஜோவிதா டம்ளரை வைத்தாள். "அம்மா, உள்ள ஒரு பொண்ணு இருக்கா."

"எங்க?"

"கட்டிலுக்குக் கீழ. அவ கையில ஸ்டாம்ப் இல்லையாம். அதான் வெளிய வர முடியலையாம்."

எப்சிக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கூட்டாளி ஒருத்தியும் வராத பிள்ளை தானே ஒருத்தியை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. "இவ்ளோதானா? இந்தா, நீயே போய்க் குத்திவிட்டு வா" என்று ஸ்டாம்பையும் மைப்பெட்டியையும் கையில் கொடுத்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை அதுதான். அது அப்போது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஜோவிதா உள்ளே போனாள். பட்டென்று கரண்ட் போனது. மணி ஐந்துகூட ஆகவில்லை, வீடு இருண்டுவிட்டது. மழை சன்ஷேடில் கொட்டும் இரைச்சலுக்கு நடுவே படுக்கையறைப் பக்கம் கிசுகிசுப்பு கேட்டது. ஒரு குரல் ஜோவிதாவுடையது. பதில் சொன்ன குரலும் ஜோவிதாவுடையதுதான். அப்புறம், நாய்க்குட்டி தட்டை நக்குவது போல ஒரு சத்தம்.

அடுப்படி வாசலில் துணி விலகியது. ஜோவிதா முகம் வெளுத்துப்போய் எட்டிப் பார்த்தாள்.

"போதும்மா. எனக்கு இந்த விளையாட்டு வேணாம்."

"எங்க, கையைக் காட்டு."

நீட்டினாள். ஈரமாக இருந்தது. நட்சத்திரம் இல்லை.

"அவ குத்திக்கிட்டாம்மா. அப்புறம் என்னோடதை நக்கி எடுத்துட்டா."

சேட்டைக்காரி, ஸ்டாம்பை உள்ளேயே போட்டுவிட்டுக் கதை விடுகிறாள்! எப்சி விரலை நீட்டி, வாட்ச்மேன் குரலில் சொன்னாள்: "ஸ்டாம்ப் இல்லாம வெளிய விட முடியாது. போய்த் தேடி எடுத்துட்டு வாங்க மேடம்."

"அம்மா, ப்ளீஸ்ம்மா..."

"ரூல்னா ரூல்."

பிள்ளை ஒரு நிமிஷம் அவளையே பார்த்தது. பிறகு சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாகத் தலையைக் குனிந்து உள்ளே போய்விட்டது.

துணி விழுந்தது. சத்தமே இல்லை.

"ஜோவி?"

சர்... சர்...

முதலில் கை வந்தது. புறங்கையில் ஊதா நட்சத்திரம். பிறகு அதே மஞ்சள் ஃபிராக், அதே ரெட்டைப் பின்னல். எப்சி போன் டார்ச்சை அடித்தாள். பிள்ளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது.

முன்பல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை விழுந்த பல். எப்சியே தீப்பெட்டியில் போட்டு வைத்த பல். எல்லாப் பற்களும் வரிசையாக, ஊதாவாக இருந்தன.

"ஸ்டாம்ப் இருக்கு" என்றது அது.

"அம்மா..." படுக்கையறையிலிருந்து குரல். "ஸ்டாம்ப் கிடைக்கலம்மா. இருட்டா இருக்கும்மா."

ஏசப்பா! ஓடினாள். மேஜைத் துணியைக் கிழிக்காத குறையாக இழுத்தாள். நாற்காலிகளைத் தள்ளினாள். கட்டிலைப் புரட்டினாள். யாரும் இல்லை. ஸ்டாம்ப் கிடந்தது. மைப்பெட்டி கிடந்தது. உருவிய பெட்ஷீட் ஏழும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் கிடந்தன.

வாசல் கதவு திறந்தது.

"எங்கடா என் பர்த்டே குட்டி?" சொட்டச் சொட்ட நனைந்த தனசிங். தடதடவென்று ஓடும் கால்கள். தூக்கிக்கொள்கிறான். முத்தம் கொடுக்கிறான். "என்ன எப்சி, போன்ல சொன்ன பார்க்கை அதுக்குள்ள மூடிட்டியா?"

பெட்ஷீட் குவியலின் நடுவே ஒரு சின்னக் கை உள்ளிருந்து துணியைத் தள்ளிக்கொண்டு எழும்பிக்கொண்டிருந்தது.

எப்சி மேல் பெட்ஷீட்டை எடுத்தாள். கை அடுத்ததற்குக் கீழே இருந்தது. அதையும் எடுத்தாள். அடுத்ததற்குக் கீழே. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு. இன்னும் ஒன்றுதான். அதற்குக் கீழே வெறும் தரை. அதை எடுக்க அவள் கை வரவில்லை.

ஸ்டாம்பை எடுத்து மைப்பெட்டியில் அழுத்தினாள். மைப்பெட்டி முழுக்க நக்கித் துடைக்கப்பட்டு வெளுத்துக் கிடந்தது. ஆனாலும் கை புடைத்த இடத்தில் அந்தத் துணியின் மேலேயே குத்தினாள். குத்தினாள். ஒரு புள்ளிகூடப் பதியவில்லை.

"அம்மா, கேக் வெட்டலாம் வா" என்று ஹாலிலிருந்து கூப்பிட்டது. தனசிங் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டே பாட ஆரம்பித்தான்.

பெட்ஷீட்டுக்குள் அந்தக் கை, குத்திவிடச் சொல்லி, நீட்டியபடியே இருந்தது.