யாழினி பெயரில் ஒரு மாத்திரை

போன் அலறியது!

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் வளவன் எடுத்தான்.

"இன்ஸ்பெக்டர் பெலிண்டா பேசறேன். உங்க மனைவி யாழினி செத்துட்டாங்க. தூக்க மாத்திரை... ஆஸ்பத்திரி மார்ச்சுவரிக்கு வாங்க."

"ஐயோ!"

அலறல் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காவிரிப் பாலம் தாண்டும்போது அவன் நினைத்தது மனைவியை அல்ல... ரிஜிஸ்டரை! கடையில் இருக்க வேண்டியது. வாரக் கணக்கை ஒரே மூச்சில் எழுத வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தான், மடையன்!

மார்ச்சுவரியில் வெள்ளைத் துணிக்குள் ஓர் உடல். பக்கத்தில் பெலிண்டா. அவள் கையில் அதே ரிஜிஸ்டர்!

"தூக்க மாத்திரை வித்தா யாருக்கு, எந்த டாக்டர் சீட்டுக்குன்னு இதுல எழுதணும். சட்டம்! எழுதியிருக்கீங்க... பக்கத்துக்குப் பக்கம் உங்க பொண்டாட்டி பேரு!"

"அவளுக்குத் தூக்கம் வராது மேடம். கரு கலைஞ்சதுலேர்ந்து... டாக்டர் சீட்டு இருக்கு."

"சீட்டு ஒரு வாரத்துக்கு. நீங்க குடுத்தது ஒரு யானைக்கு! கொலை சார் இது!"

வளவன் மனசுக்குள் கணக்குப் போட்டான். கொலை என்றால் ஆயுள்... மாத்திரை விற்ற கேஸ் என்றால் ஜாமீன் உண்டு, வக்கீல் உண்டு!

"இதுல எழுதினதுல ஒண்ணுகூட அவ முழுங்கல மேடம்! எல்லாம் காலேஜ் பசங்களுக்கு வித்தேன். யார் பேராவது எழுதணுமே... அவ பேரை எழுதினேன். மிச்சம் எடமலைப்பட்டி புதூர்ல ஒரு ரூம்ல இருக்கு. வாங்க, காட்டறேன்!"

"பசங்க செத்தா?"

"சாகட்டும்! நானா வாயில திணிச்சேன்?"

பெலிண்டா துணியை விலக்கினாள்.

மீசை அரும்பும் ஒரு பையன். போன வாரம் கடையில் பேரம் பேசியவன்!

"ஜீயபுரத்துப் பையன். கொன்னது உன் மாத்திரைதான்."

"அ... அப்போ யாழினி?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா? பொண்டாட்டி முகத்தைக் காட்டுங்கன்னு ஒரு வார்த்தை வரல உன் வாயில. த்தூ!"

கதவு திறந்தது.

யாழினி! உயிரோடு!

"ரிஜிஸ்டரை ஸ்டேஷன்ல குடுத்ததே நான்தாங்க. எங்குழந்தை போனப்ப எழுதின சீட்டு அது... அதை வெச்சு இன்னொருத்தி குழந்தையைக் கொன்னுட்டீங்களே!"

அவள் அழுதாள். அவன் கைகளில் விலங்கு ஏறியது.

"யாழினி... ஏதாவது சொல்லு! ஜெயில்ல எனக்குத் தூக்கமே வராதுடி!"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுக்கென்னங்க... வழக்கம்போல என் பேரை எழுதி வாங்கிப் போட்டுக்கோங்க!"